லைபேஸ் அறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒரு மருத்துவமனை

சேலம் நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் குடல் மற்றும் கணைய நோய்ப் பிரிவைப் பற்றிய மதிப்புரை இது. 2021-ஆம் ஆண்டு இரண்டாம் அலையின்போது ஏற்காட்டில் காப்பித் தோட்ட மேற்பார்வையாளராக இருக்கும் என் மைத்துனர் அங்கே கொரோனாவுக்காகச் சேர்க்கப்பட்டார். அங்கே இருந்தபோதே அவருக்குக் கணைய அழற்சியும், அதாவது இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமான நொதிகளையும் இன்சுலினையும் சுரக்கும் கணையம் வீங்கும் நோயும் வந்தது. இன்றுவரை அதே பிரிவின் வெளிநோயாளர் சேவைக்குத்தான் மலையிலிருந்து இறங்கி வந்து போகிறார். பாராட்டுவதற்கு இருக்கும் அளவுக்குக் குறை சொல்லவும் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மருத்துவ ஆய்வகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். எனவே ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை ஒரு மருத்துவமனை எப்படிக் கையாள்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அங்கே எனக்கு ஏற்பட்ட முதல் எரிச்சலும் ஓர் அறிக்கையைப் பற்றியதே. ஆக்சிஜன் அளவு குறைந்து ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஆம்புலன்சில் வந்தவருக்கு, சேர்க்கையின்போதே 'கோவிட் பேக்கேஜ்' என்ற பெயரில் ஒரு கட்டுப் பரிசோதனைகள் எடுக்கப்பட்டன. அழற்சியையும் ரத்த உறைவையும் காட்டும் சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின் ஆகியவற்றுக்கு அப்போது நியாயம் இருந்தது. ஆனால் வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாத நோயாளிக்குக் கணையம் சுரக்கும் செரிமான நொதிகளான அமைலேஸும் லைபேஸும் எதற்காக எடுக்கப்பட்டன என்று கேட்டபோது, "பேக்கேஜில் இருக்கிறது சார்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. லைபேஸ் 142 என்று வந்தது. அந்த ஆய்வகத்தின் உச்ச வரம்பு 60. இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, கணையத்திலும் கொரோனா தாக்கிவிட்டது, வாய்வழியாக எதுவும் கொடுக்கப் போவதில்லை என்று என் மைத்துனரின் மனைவியிடம் சொல்லிவிட்டார். கொரோனா வார்டுக்குள் உறவினர் எவரும் போக முடியாத காலம் அது. "அண்ணா, கணையம்னா என்னங்கண்ணா, அதுவும் போயிருச்சுன்னு சொல்றாங்களே" என்று அந்தப் பெண் நள்ளிரவில் அழுதுகொண்டே என்னைக் கேட்டார்.

லைபேஸ் உயர்ந்திருப்பதும் கணைய அழற்சி இருப்பதும் ஒன்றல்ல. 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா என்னும் பன்னாட்டு வரையறையின்படி மூன்று அடையாளங்களில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அதைத் திடீர்க் கணைய அழற்சி என்று சொல்லலாம்: மேல் வயிற்றில் தொடங்கிப் பெரும்பாலும் முதுகுக்குப் பாயும் கடும் வலி, அமைலேஸ் அல்லது லைபேஸ் உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்காவது உயர்ந்திருத்தல், ஸ்கேனில் அழற்சி தெரிதல். 142 என்பது மூன்று மடங்கை எட்டவில்லை, வலியும் இல்லை. கடும் தொற்றோடு ஆக்சிஜனில் இருப்பவரின் லைபேஸ் கணையம் நலமாக இருக்கும்போதே உயரக்கூடும். சிறுநீரகம் மந்தமானால் இந்த நொதி ரத்தத்தில் தேங்கும். குடல் அழற்சியும் வயிற்றுப்போக்கும் அதைச் சிறிது ஏற்றும். அமைலேஸோ உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வரும். கொரோனா தொடங்கிய வூகான் நகரில் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நுரையீரல் தொற்றோடு சேர்க்கப்பட்ட 52 நோயாளிகளில் 17 சதவீதம் பேருக்கு இந்த நொதிகள் உயர்ந்திருந்தன. அந்த 17 சதவீதத்தைத்தான் பலரும் 'கொரோனா நோயாளிகளில் ஆறில் ஒருவருக்குக் கணையம் கெடுகிறது' என்று பரப்பினார்கள். நியூயார்க்கின் நார்த்வெல் மருத்துவமனைக் குழுமம் முறையான வரையறையை வைத்துக் கணக்கிட்டபோது, கொரோனாவோடு சேர்க்கப்பட்டவர்களில் கணைய அழற்சி கண்டவர்கள் 0.27 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூவருக்கும் குறைவு. ஓர் எண்ணை நோயாக எழுதுவதா, வெறும் எண்ணாகவே விடுவதா என்பதில் வரும் வேறுபாடு இவ்வளவு பெரியது.

மறுநாள் காலை சுற்றுக்கு வந்த தலைமைக் குடல்நோய் மருத்துவர் அந்த இரவு முடிவை மாற்றினார். பாதுகாப்பு உடையோடு நோயாளியின் அருகில் நின்று, வயிற்றை அழுத்திப் பார்த்து, பசிக்கிறதா என்று கேட்டு, கஞ்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு எங்களைத் தொலைபேசியில் அழைத்து, லைபேஸ் சற்று உயர்ந்திருக்கிறது, வலி இல்லை, இப்போதைக்கு இது ஓர் எச்சரிக்கை மட்டுமே, வயிற்று வலி வந்தால் மட்டும் மீண்டும் பார்ப்போம், தினமும் லைபேஸ் எடுக்க வேண்டியதில்லை என்றார். அந்த அழைப்பு ஐந்து நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். பரிசோதனையை எடுக்க வேண்டாம் என்று ஒரு தனியார் மருத்துவமனை மருத்துவர் சொல்வதைக் கேட்கும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

வலி சில நாள்களுக்குப் பின் உண்மையாகவே வந்தது. நுரையீரல் தேறத் தொடங்கி, ஆக்சிஜன் அளவைக் குறைத்துக்கொண்டு வந்த நேரம். இரவில் மைத்துனர் எனக்கே கைப்பேசியில் அழைத்தார். "மாமா, நெஞ்சுக்குழியில பிடிச்சு முதுகு வரைக்கும் இழுக்குதுங்க. குப்புறப் படுக்கச் சொல்றாங்க, படுக்கவே முடியலை" என்றார். கொரோனா நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைப்பது ஆக்சிஜனை உயர்த்துவதற்கான எளிய வழி. ஆனால் கணையம் வீங்கியிருக்கும்போது அதே நிலை தாங்க முடியாத வலியைத் தரும். வார்டில் இருந்த செவிலியர் இதைக் கவனித்த விதத்தை நான் இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். 'கேஸ் டிரபிள்' என்று சொல்லி ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகாமல், "முன்னால குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலையாப்பா?" என்று கேட்டிருக்கிறார். தேவலை என்று இவர் சொன்னதும் உடனே மருத்துவரை அழைத்திருக்கிறார். மல்லாந்து படுத்தால் கூடி, முன்னால் குனிந்தால் தணியும் வலி கணையத்தின் பழைய அடையாளம். அதைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் பலர். இரவுப் பணியில், இரண்டு கையுறைகளும் முகக் கவசமும் அணிந்துகொண்டு நினைவில் வைத்துக் கேட்பவர்கள் சிலரே.

அப்போது எடுத்த லைபேஸ் 860. இம்முறை வரையறை நிறைவேறிவிட்டது. இதன் பிறகு அந்தப் பிரிவு செய்தவை பெரும்பாலும் சரியான வரிசையில் இருந்தன. கொரோனா இருக்கிறது, ஆகவே கொரோனாதான் காரணம் என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. கணைய அழற்சிக்கு மிகப் பொதுவான காரணங்கள் பித்தப்பைக் கற்களும் மதுவும், எனவே படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்டு எடுத்துப் பித்தப்பையையும் பித்த நாளத்தையும் பார்த்தார்கள், கல் இல்லை. ரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டினால் அதுவே கணையத்தைத் தாக்கும். இவருக்கு 210 மட்டுமே. கால்சியமும் இயல்பாக இருந்தது. கொடுக்கப்பட்டுவந்த மருந்துகளின் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள். ஏனெனில் ஐசியூவில் மயக்கத்துக்காகக் கொடுக்கப்படும் புரோபோஃபால் கொழுப்பை ஏற்றி இந்தத் தொல்லையை உண்டாக்கக்கூடும். இவருக்கு அது கொடுக்கப்படவில்லை. மதுப் பழக்கத்தைப் பற்றிய கேள்வியை மனைவி கேட்டுக்கொண்டிருக்கும் வீடியோ அழைப்பில் கேட்காமல், அவரிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். நம் ஊரில் ஒரு ஆணுக்குக் கணையம் என்றாலே குடி என்று எழுதிவிடும் பழக்கம் இருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த நாகரிகத்தின் அருமை தெரியும்.

எல்லாக் காரணங்களும் விலகிய பிறகுதான் வைரஸ் முன்னால் வந்தது. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசலாகப் பயன்படுத்தும் ஏசிஇ-2 என்னும் புரதம் கணையத்திலும் உண்டு. அது கணைய நாளங்களிலும் நுண்ணிய ரத்தக் குழாய்களிலும் மிகுதியாக இருப்பதாக 2020-இல் வந்த ஆய்வுகள் கூறின. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குள்ளேயே வைரஸ் புகுவதாக 2021-இல் வேறு சில ஆய்வுகள் காட்டின. இவற்றைத் தவிர, நோயின் தீவிரத்தில் உடலெங்கும் எழும் அழற்சியும், ரத்த ஓட்டம் குறைவதும், சிறு குழாய்களில் ரத்தம் உறைவதும் கணையத்தைப் பாதிக்கலாம். மருத்துவர் எங்களிடம் 'கொரோனாவால் வந்தது' என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை, கொரோனாவோடு வந்திருக்கிறது என்று சொன்னார். வேறொரு மருத்துவமனையில் இதே நேரத்தில் இருந்த என் நண்பரின் குடும்பத்துக்கு, வைரஸ் கணையத்தைத் 'தின்றுவிட்டது' என்று விளக்கம் சொல்லப்பட்டதாம்.

இரண்டு நோய்களும் ஒருங்கே இருந்தால் ஆபத்து எவ்வளவு என்று நான் கேட்டபோது எங்கள் தலைமை மருத்துவர் மழுப்பவில்லை. கணைய அழற்சியோடு சேர்க்கப்பட்ட 1,777 பேரை வைத்துப் பல நாடுகளில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், கொரோனாவும் இருந்த 149 பேரில் முப்பது நாள்களுக்குள் இறந்தவர்கள் 14.7 சதவீதம், கொரோனா இல்லாதவர்களில் அது 2.6 சதவீதம். அந்த எண்களை அவர் அப்படியே சொல்லவில்லை. ஆனால் ஆபத்து பல மடங்கு என்பதையும், அதில் பெரும்பங்கு நுரையீரலின் நிலையைப் பொறுத்தது என்பதையும், இவரது நுரையீரல் தேறி வருவது நல்ல அறிகுறி என்பதையும் சொன்னார்.

சிகிச்சையில் நான் கூர்ந்து பார்த்தது டிரிப்ஸ் விஷயத்தை. கணைய அழற்சிக்கு முதல் மருந்தே நரம்பு வழியாக ஏற்றும் திரவம்தான். ரத்தத்தில் உள்ள நீர் கசிந்து வெளியேறிக்கொண்டிருப்பதால் அதை ஈடுசெய்தாக வேண்டும். ஆனால் கொரோனாவால் ஏற்கெனவே நனைந்திருக்கும் நுரையீரலுக்கு அதே திரவம் பகையாக முடியும். பழைய முறைப்படி மணிக்கணக்கில் வேகமாக ஏற்றாமல், ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை மிதமான வேகத்தில் ஏற்றி, சிறுநீர் அளவையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்தார்கள். வார்டின் திரவக் கணக்குத் தாளைப் பின்னர் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் விடுபடாமல் எழுதப்பட்டிருந்தது, ஒரே ஒரு இரவைத் தவிர. இதற்கு அடுத்த ஆண்டு, 2022-இல், இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நடந்த 'வாட்டர்ஃபால்' ஆய்வு வெளிவந்தது. கணைய அழற்சி நோயாளிகளில் வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 20.5 சதவீதம் பேருக்கும், மிதமாக ஏற்றப்பட்டவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் உடலில் நீர்ச்சுமை ஏற்பட்டது. வேகமாக ஏற்றியதால் பலன் எதுவும் கூடாமல் இந்த நீர்ச்சுமை மட்டும் கூடியதால் அந்த ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அந்த முடிவு வருவதற்கு முன்பே இந்தப் பிரிவு நிதானமாக இருந்திருக்கிறது.

சிடி ஸ்கேன் உடனே வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் வற்புறுத்தினோம், நான் உட்பட. அப்போது சேலத்தில் எந்த வீட்டிலும் சிடி ஸ்கோர்தான் பேச்சு. நுரையீரலுக்கு 25-க்கு எத்தனை என்று கேட்பது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் கேட்பதுபோல் ஆகிவிட்டிருந்தது. கணையத்துக்கும் ஒரு சிடி ஸ்கோர் இருப்பதாக யாரோ சொல்லிவிட, அது எத்தனை என்று கேட்டு உறவினர்கள் என்னைத் துளைத்தார்கள். மருத்துவர் மறுத்துவிட்டார். வலி தொடங்கிய மூன்று நாள்களுக்குள் எடுத்தால் கணையத் திசு அழிந்திருப்பது முழுமையாகத் தெரியாது, ஸ்கேன் படம் தெளிவாக வர ரத்தத்தில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை, நோய் இன்னதென்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்பன அவர் சொன்ன காரணங்கள். பின்னர், தேவையான நேரத்தில் எடுத்தபோது வீக்கம் மட்டுமே இருந்தது. திசு அழிவு இல்லை.

சர்க்கரை நோயைக் கையாண்டதில் மட்டும் இரண்டு பிரிவுகளுக்கிடையே இழுபறி நடந்தது. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. 2020-இல் இங்கிலாந்தில் நடந்த 'ரெக்கவரி' ஆய்வு அதை நிறுவியது. ஆனால் அது சர்க்கரையை எகிற வைக்கும். இவருக்கு 300-ஐத் தாண்டியது. இது ஸ்டீராய்டால் வந்ததா, கணையம் பாதிக்கப்பட்டதால் வந்ததா, முன்பே இருந்து தெரியாமல் போனதா என்ற கேள்விக்கு நுரையீரல் மருத்துவர் ஒன்றும் குடல்நோய் மருத்துவர் ஒன்றுமாகச் சொன்னார்கள். ஹெச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையைச் சேர்க்கையின்போதே எடுத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். லைபேஸைக் கட்டாக எடுத்தவர்கள் இதை எடுக்கவில்லை. அது எடுக்கப்பட்டது நாங்கள் கேட்ட பிறகே. 6.1 என்று வந்தது. அதாவது சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருந்தவர். ஸ்டீராய்டும் உயர்ந்த சர்க்கரையும் வழிவிடும் கரும்பூஞ்சை நோய் தமிழ்நாட்டில் அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டிருந்த அந்த மாதங்களில், ஸ்டீராய்டோடு சர்க்கரையும் சேர்ந்து உயர்வதைப் பற்றி இன்னும் கூடுதல் கவனம் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உணவு விஷயத்தில் மருத்துவரும் கேன்டீனும் வேறு வேறு உலகத்தில் இருந்தார்கள். கணைய அழற்சி என்றால் நாள்கணக்கில் பட்டினி போடுவது பழைய வழக்கம். வாந்தி நின்று பசி வந்தவுடன் கொழுப்புக் குறைந்த உணவைத் தொடங்குவதே இப்போதைய நடைமுறை. மருத்துவர் அப்படியே எழுதினார். முதல் வேளையாக வந்ததோ, எண்ணெய் மினுமினுத்த இட்லிப் பொடியும் கெட்டித் தேங்காய்ச் சட்னியும் சேர்ந்த இட்லித் தட்டு. செவிலியர் அதைத் திருப்பி அனுப்பி, ரசம் வரவழைத்தார். உணவியல் ஆலோசகர் ஒருவர் இருப்பதாக பில்லில் கட்டணம் இருந்தது. அவர் குரலை நாங்கள் தொலைபேசியில்கூடக் கேட்டதில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நடந்ததுதான் நான் மன்னிக்க விரும்பாத குறை. இளநிலை மருத்துவர் தயாரித்த அந்தத் தாளில் 'மதுவால் ஏற்பட்ட கணைய அழற்சி' என்று இருந்தது. நோயாளியின் கோப்பில் எங்கும் இல்லாத ஒன்று, பழைய யாருடைய வார்ப்பிலிருந்தோ ஒட்டப்பட்டுவிட்டது போலும். காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்ப இந்த ஒரு சொல் போதும் என்பதோடு, தோட்டத்தில் அவர் தலைநிமிர்ந்து வேலைக்குப் போவதற்கும் இது தடையாகும். திருத்தித் தரக் கேட்டால், பில் முடிந்துவிட்டது, சிஸ்டத்தில் மாற்ற முடியாது என்றார்கள். தலைமை மருத்துவரிடம் நேரில் காட்டிய பிறகே மாறியது. அவர் வருத்தம் தெரிவித்தார், அலுவலகத்தார் தெரிவிக்கவில்லை. பில்லைப் பொறுத்தவரை, எல்லாச் செலவுகளும் வகைப்படுத்திக் கொடுக்கப்பட்டன. பாதுகாப்பு உடைக்கு நாள்தோறும் வசூலித்த தொகையைத் தவிர வேறு எதிலும் நான் சண்டை போடவில்லை.

இப்போது இந்தப் பிரிவின் வெளிநோயாளர் சேவையைப் பற்றி. கொரோனாவுக்குப் பின் கணையத்தைத் தொடர்ந்து கண்காணிப்பதில் இரண்டு விஷயங்கள் உள்ளன: சர்க்கரை, செரிமானம். ஸ்டீராய்டு நின்ற பிறகும் இவரது சர்க்கரை முழுதாக இறங்கவில்லை, ஹெச்பிஏ1சி 6.8-க்கு ஏறியது. கொரோனாவுக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரை நோய் காண்பவர்கள் கூடியிருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எல்லைக்கோட்டில் இருந்தவர்தான் நீங்கள், எப்படியும் சில ஆண்டுகளில் வந்திருக்கலாம் என்று மருத்துவர் நேராகச் சொன்னார். செரிமானத்தில், எண்ணெய்ப் பசையோடு மலம் போவதாக இவர் சொன்னபோது, கணைய நொதி போதுமான அளவு சுரக்கிறதா என்று மலத்தில் பார்க்கும் எலாஸ்டேஸ் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மல மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போவதால் முடிவு வரத் தாமதமாகிறது என்பதை முன்கூட்டியே சொல்வதில்லை; மலையிலிருந்து வருபவர்களுக்கு இது ஒரு வீண் பயணம். கணைய நொதி மாத்திரை தேவைப்பட்டால் அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதை மருத்துவரே சொல்லி, சம்மதம் கேட்கிறார். சைவ உணவுக்காரர்களும் இசுலாமியர்களும் மருந்துக் கடையில் போய் அதிர்ச்சியடைய வேண்டியதில்லை. இவருக்கு அது தேவைப்படவில்லை.

காத்திருப்பு நீளம். டோக்கன் காலையில் கொடுக்கப்படுகிறது, கைப்பேசி முன்பதிவுக்கு மதிப்பு குறைவு, உட்கார நாற்காலிகள் போதவில்லை. ஏற்காட்டிலிருந்து முதல் பேருந்தில் வருபவருக்கும் மதியம் ஆகிவிடுகிறது. முதன்முறை செல்பவர்கள் பழைய லைபேஸ் அறிக்கைகளை அசல் தாள்களாகவே எடுத்துச் செல்ல வேண்டும். ஓர் ஆய்வகத்தில் 60 வரை இயல்பு என்றால், வேறு முறையைப் பின்பற்றும் இன்னொன்றில் 160-ஐத் தாண்டியும் இயல்பாக இருக்கலாம். எண்ணை மட்டும் கைப்பேசியில் குறித்துக்கொண்டு வருபவர்களை அந்த மருத்துவர், உச்ச வரம்பு எத்தனை என்று கேட்டு, தாளை எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்.